ஃபெயிலை ஃபெயில் என்று எழுதியவர்

தென்காசி வட்டார ஒளிப்பதிவாளர் நலச் சங்கத்தின் தலைவரும் இந்தக் கூட்டத்தின் தலைவருமான சிவகிரி கடற்கரை அவர்களே! மேடைக்கு வரமாட்டேன், கீழே உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொல்லி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி புவனேஷ் அவர்களே! ஜெயபிரியா டீச்சரோடு பதினெட்டு வருடம் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்த பெருமக்களே! தம்மாமிலிருந்து விடுப்பில் வந்து, வந்த மூன்றாம் நாளே இங்கே வந்து அமர்ந்திருக்கும் முகம்மது சலீம் அவர்களே! ஸ்டுடியோ வைத்திருப்பவர்களே, லைட் பிடிப்பவர்களே, ஆல்பம் போடுகிறவர்களே, டீச்சரிடம் படித்த பிள்ளைகளே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும். எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த மண்டபத்துக்கு நாம் எத்தனை முறை வந்திருக்கிறோம்! கேமராவோடு வந்திருக்கிறோம், வயர்ச் சுருளோடு வந்திருக்கிறோம், பந்திக்கு முந்த வேண்டும் என்ற அவசரத்தோடும் வந்திருக்கிறோம். கையில் ஒன்றுமில்லாமல் வந்து வரிசையாக உட்கார்ந்திருப்பது இன்றைக்குத்தான்.

என் பெயர் மூசா. தென்காசியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறவன். பதினாறு வயதில் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களிடம் எண்ணெய் பாக்கெட் விற்றுத் தொடங்கினேன். இடையில் நான்கு வருடம் சவூதி. பிறகு இந்தத் தொழில். நான் பேச்சாளன் இல்லை. எனக்குச் சரக்கைப் பற்றித்தான் பேச வரும். சரக்கைப் பற்றிப் பேசினாலும் டீச்சரைப் பற்றிப் பேசியதாகத்தான் ஆகும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, காலை எட்டரை மணிக்கு, கல்லூரிக்குப் போக மேலகரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது நம் கணினி ஆய்வகப் பயிற்றுநர் திருமதி ஜெயபிரியா புவனேஷ் அவர்களுக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தன் பையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து மூன்று வயது. இது என்ன வயது? போகிற வயதா?

பேருந்து நிலையத்தில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் "கம்ப்யூட்டர் டீச்சர்" என்று போட்டிருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அவர் கல்லூரி முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு என்ன செய்துகொண்டிருந்தார் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்கச் சொன்னால் ஐந்து கை எழும்பாது. ஆனால் உங்களில் முக்கால்வாசிப் பேரின் சோறு அதில் இருக்கிறது.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் என் கடையிலிருந்து போன பழைய கம்ப்யூட்டர்கள் முந்நூற்றுக்கு மேல் இன்றைக்குக் கல்யாண லைவ் ஓட்டுகின்றன. பெரிய கம்பெனிகள் கழித்துப் போட்ட மெஷின்கள். அவற்றை ஓட வைத்தது டீச்சர். அவர் இடத்தில் இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஒரு ஆள் நிற்காவிட்டால், அவை ஓடுவதற்கான மென்பொருளிலிருந்து நம் பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குரிய பகுதியை எடுத்துவிடுவோம் என்று அதை எழுதுகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அழுதுவிட்டுக் கலைந்து போகிற கூட்டமாக இது இருந்துவிடக் கூடாது என்று நான் தலைவரிடம் மைக் கேட்டு வாங்கியது அதனால்தான்.

கதை இதே மண்டபத்தில் தொடங்கியது. ஆறு வருடம் முன்பு, சலீம் மகள் மிஸ்ரியாவுக்கு நிக்காஹ். சலீமுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "நீங்க அங்கன இருந்தே பாருங்க, நான் காட்டுதேன்" என்று லைவ் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். லைவ் தொழிலில் நான் கால் வைத்த புதிது. நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத் கிதாபைத் திறந்தார். என் மெஷினின் விசிறி, மாவு மில் மாதிரி சத்தம் போட்டது. படம் நின்றுவிட்டது. எதில் நின்றது? பெண்ணின் தாய்மாமன் கொட்டாவி விட வாயைத் திறந்த நேரத்தில் நின்றது! பதினொரு நிமிடம்! மறுபடி படம் அசைந்தபோது பிரியாணிச் சட்டி திறந்தாகிவிட்டது.

சலீம் போன் போட்டார். இப்போது சிரிக்கிறார், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மூசா, எம்மவ நிக்காஹ் பாக்க லீவு சொல்லிட்டு ரூமுல உக்காந்திருந்தேன். நீ பதினோரு நிமிசம் எனக்கு மச்சான் வாய காட்டிருக்க. அவனுக்குக் கடவாப்பல்லு சொத்தைனு தெரிஞ்சிக்கிட்டேன். வேற ஒண்ணும் தெரியல." ஒரு தகப்பன் மறுபடி பார்க்க முடியாத ஒன்றை நான் கெடுத்துவிட்டேன்.

மிஸ்ரியா டீச்சரிடம் படித்த பெண். அதனால் டீச்சரும் அன்றைக்கு வந்திருந்தார். பந்திக்குப் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தார். கேபினெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அண்ணாச்சி, இது கொதிக்கு. எதுல என்கோட் பண்ணுதீங்க?"

"கம்ப்யூட்டர்லதான்."

"கம்ப்யூட்டர்ல எதுல?"

நான் விழித்தேன். விற்கிறவன் நான், எனக்குத் தெரியவில்லை! டீச்சர் அன்றைக்கு எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். கேமராவிலிருந்து வரும் படம் பெரிய பஞ்சுப் பொதி. அதை அப்படியே இன்டர்நெட்டில் அனுப்ப முடியாது, நொடிக்கு நொடி அமுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்ப வேண்டும். அந்த அமுக்கும் வேலைதான் என்கோடிங். நாங்கள் அதைக் கம்ப்யூட்டரின் பிராசஸர் தலையில் கட்டியிருந்தோம். அது எல்லா வேலைக்கும் பொதுவான ஆள், மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆனால் பக்கத்திலேயே கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதற்குள் இந்த அமுக்கும் வேலைக்கென்றே ஒரு சில்லு இருக்கிறது. அது காலையிலிருந்து சும்மா இருந்தது. ஏன் சும்மா இருந்தது? அதைக் கூப்பிட்டு வேலை சொல்கிற மென்பொருள் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். கார்டு செய்த கம்பெனி, பழைய கார்டுகளுக்கு டிரைவர் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

"அப்ப தூக்கிப் போட வேண்டியதுதானா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? ஊரு உலகத்துல உள்ளவங்க சேந்து எழுதுத டிரைவர் ஒண்ணு இருக்கு. ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுத்துக்கிடலாம், உள்ள என்ன எழுதிருக்குன்னு யாரும் வாசிக்கலாம், யாரும் திருத்தலாம்."

"சும்மாவா குடுக்காங்க?"

"சும்மாதான்."

"அப்ப அதுல என்னமோ இருக்கு."

டீச்சர் சிரித்தார். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கோளாறு கண்டா சொல்லணும். அது ஒண்ணுதான்."

அது ஒன்றுதான் என்றார்! முப்பது வருடம் வியாபாரம் செய்த எனக்கு அந்த ஒன்றுதான் முடியாத காரியம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, அந்த டிரைவரைப் போட்டு, மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த கல்யாணத்தில் நான் கேபினெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. நான்கு மணி நேரம், ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆனால் படத்தின் அடியில் ஒரு பச்சைப் பட்டை தெரிந்தது. ஒல்லியாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மாப்பிள்ளை வீட்டார் கால்களுக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு.

இந்த இடத்தில் வியாபாரி என்ன செய்வான்? கீழே மட்டும் பச்சை இருந்தால் அது கோளாறு. நாலு பக்கமும் இருந்தால்? டிசைன்! மற்ற மூன்று பக்கமும் அதே பச்சையில் நானே கோடு போட்டுவிட்டேன். நிக்காஹ் வீடுகளில், "பச்சை பார்டரு ரொம்பப் பொருத்தமா இருக்கு பாய்" என்றார்கள். மற்ற வீடுகளில் வாழையிலை பார்டர் என்று சொல்லிவிட்டேன். அங்கேயும் பொருந்திவிட்டது. நம் தலைவர் கடற்கரை அண்ணாச்சி சிவகிரியிலிருந்து போன் போட்டு, "மூசா, அந்த பார்டரு எந்த சாப்ட்வேர்ல வருது?" என்று கேட்டார். "அது வெளிநாட்டு சரக்கு அண்ணாச்சி, நமக்கெல்லாம் கட்டுபடியாகாது" என்றேன். இவர் இரண்டு மாதம் உட்கார்ந்து அதே மாதிரி பார்டர் செய்தார். கோளாறு இல்லாத படத்துக்கு மெனக்கெட்டுக் கோளாற்றைச் செய்தவர் உலகத்திலேயே நம் தலைவர் ஒருவர்தான்!

டீச்சரிடம் பெருமையாகக் காட்டினேன். அவரும் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "நல்லாத்தான் மறைச்சிருக்கீங்க அண்ணாச்சி. மறைச்சா போயிருமா? நான் அது என்னன்னு பாக்கேன்."

நான்கு மாதம் பார்த்தார். கல்லூரி விட்டு வந்து, சமையல் முடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் முழு நாளும் பார்த்தார். கடைசியில் கிடைத்தது எவ்வளவு சின்ன விஷயம் தெரியுமா! நம் படத்தின் உயரம் ஆயிரத்து எண்பது வரி. அந்தச் சில்லு பதினாறு பதினாறு வரியாகத்தான் வாங்கும். ஆயிரத்து எண்பது பதினாறால் மீதியில்லாமல் வகுபடாது. அதனால் எட்டு வெற்று வரியைச் சேர்த்துக்கொள்ளும். சேர்த்த எட்டையும் காட்டாதே என்று டிரைவர் ஒரு குறிப்பு எழுத வேண்டும். நம் கார்டு வகைக்கு மட்டும் அந்தக் குறிப்பு விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான். டீச்சர் எழுதிய திருத்தம் ஏழு வரி.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லத்தான் வேண்டும். மேலகரத்தில் அவர் வீட்டுக்கே போனேன். "ஏம்மா, இத அனுப்பாத. நம்மகிட்டயே இருக்கட்டும். அனுப்பினா நாளைக்கே எல்லாவனும் போட்டுக்கிடுவான். சிவகிரிக்காரரு மொத ஆளா போட்டுக்கிடுவாரு" என்றேன்.

டீச்சர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, தொண்ணூத்தொம்பது பங்கு ஊரான்கிட்ட சும்மா வாங்கியிருக்கோம். நம்ம ஒரு பங்க மட்டும் பூட்டி வைக்கச் சொல்லுதீங்க. உங்களுக்கே நியாயமா படுதா?"

"வியாபாரத்துல எல்லாம் நியாயந்தான்மா."

"அப்ப நீங்க வியாபாரத்தப் பாருங்க. நான் இத அனுப்புதேன்."

அனுப்பினார். அந்த டிரைவரை எழுதுகிறவர்கள் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். காரணத்தைத் தெளிவாக எழுதவில்லை என்று ஒரு தடவை. வேறு உயரத்தில் சோதித்தீர்களா என்று இன்னொரு தடவை. எனக்கே பொறுக்கவில்லை. "நீ சும்மா குடுக்க, அவன் குத்தம் சொல்லுதானே" என்றேன். அதற்கு டீச்சர் சொன்ன பதில்: "குத்தம் சொல்லுதான்னா முழுசா வாசிச்சிருக்கான்னு அர்த்தம் அண்ணாச்சி. நம்ம ஊர்ல எவன் வாசிக்கான்?"

நான்காவது தடவை ஏற்றுக்கொண்டார்கள். மேலகரத்தில் எழுதிய ஏழு வரி, உலகத்தில் அந்தக் கார்டு எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. எனக்கு என்ன நடந்தது? அடுத்த சீசனில் சிவகிரி பக்கத்துக் கல்யாணம் எல்லாம் தலைவருக்குப் போனது. தலைவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும். எட்டு மாதம் நான் டீச்சரோடு பேசவில்லை. போதாக்குறைக்கு என் வாடிக்கையாளர்கள், "கீழ்ப்பக்கம் பார்டரு எங்க போச்சு?" என்று சண்டைக்கு வந்தார்கள். நாலாவது பக்கத்தையும் நானே வரைய வேண்டியதாயிற்று!

எட்டு மாதம் கழித்து நானாகத்தான் அவர் வீட்டுப் படி ஏறினேன். மனம் திருந்தி ஏறவில்லை. டிரைவரின் புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து மூன்று மணி நேரம் தாண்டினால் என் லைவ் அறுந்துகொண்டிருந்தது, வேறு வழியில்லாமல் போனேன். டீச்சர் கதவைத் திறந்ததும் கேட்டது என்ன தெரியுமா? "வாங்க அண்ணாச்சி. உங்க மிஷினும் மூணு மணி நேரத்துல நிக்கா? சிவகிரியிலயும் நிக்காம். கடற்கரை அண்ணாச்சி போன வாரமே சொல்லிட்டாரு, நான் எழுதி அனுப்பிட்டேன்." பத்தே நாளில் திருத்தம் வந்தது. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் போட்டியாளர் சொன்ன கோளாறு, முகம் தெரியாதவர் செய்த திருத்தம், ஓடியது என் மெஷின்! அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. கல்யாணம் நூறு போயிருக்கலாம். ஆனால் இந்த மெஷின் நம்பி வாங்கலாம் என்ற பேச்சு வந்தபிறகு முந்நூறு விற்றேன். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

அப்புறம் டீச்சர் ஒரு பெரிய வேலையைத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த டிரைவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிதாக வெளிவரும். புதிய கார்டுகளுக்காக எதையாவது மாற்றுவார்கள், பழைய கார்டில் எதுவாவது கெடும். கெட்டதா இல்லையா என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? பழைய கார்டு அவர்களிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது! குத்துக்கல்வலசையில் என் குடோனிலிருந்து பதினொரு வகைக் கார்டு எடுத்துக் கொடுத்தேன். டீச்சரின் கணவர் தம்பி புவனேஷ் பேருந்து நடத்துநர். டிக்கெட் கிழிக்கிற கையால் ஆசாரிக்கு உதவி செய்து ஒரு மரச் சட்டம் அடித்தார். வீட்டு முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் பதினொரு கார்டும் வரிசையாக நின்றன.

சோதிக்கிற படம் எது? டீச்சரே எடுத்தது. சாரல் காலத்தில், குற்றாலப் பேரருவி முழு வெள்ளமாக விழும்போது நாற்பது நொடி. ஏன் அருவி? விழுகிற தண்ணீரில் ஒரு நொடி இருந்த மாதிரி மறு நொடி இருக்காது, அமுக்குவதற்கு அதைவிடக் கஷ்டமான படம் கிடையாதாம். அருவியைச் சமாளிக்கிற கார்டு எந்தக் கல்யாணத்தையும் சமாளிக்கும் என்பார். வெளிநாட்டுக்காரர்களும் அந்தப் படத்தையே வாங்கிச் சோதித்தார்கள். அந்த நாற்பது நொடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் குறுக்கே ஓடுகிறார். அது யார் என்று கேட்கிறீர்களா? முன்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான்! தம்பி, உங்கள் குளியலை எத்தனை தேசத்துப் பொறியாளர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்!

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்துவிட்டு இறங்கினால் அது சரியாகாது.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போன கார்டுக்குச் சூடு காட்டுவது. சூட்டுக் காற்று அடித்தால் உள்ளே விட்டுப்போன ஈயம் இளகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதம் ஓடும். அதற்குள் விற்றுவிடுவோம். என் தொழில்காரர்கள் சிலர் இங்கே கூரையைப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டாம், நான் உங்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. டீச்சருக்குக் கொடுத்த பதினொரு கார்டில் ஒன்று நான் சூடு காட்டிய கார்டு. நல்ல கார்டு ஒன்று விற்கலாமே என்று அதை வைத்துக்கொண்டு இதைக் கொடுத்தேன். கார்டு டீச்சர் வீட்டுச் சட்டத்தில் நிற்கப்போகிறது, யாருக்குத் தெரியும்?

அந்தக் கார்டு ஒரு தடவை பாஸ் ஆகும், ஒரு தடவை ஃபெயில் ஆகும். டீச்சர் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். அங்கே ஒருவர் தான் எழுதியதில்தான் தப்பு என்று நினைத்து மூன்று வாரம் தேடினார். டீச்சருக்குச் சந்தேகம் வந்து கார்டைக் கழற்றிப் பார்த்தார். நல்ல சாரல் அன்றைக்கு. காலை பதினொரு மணிக்கு, கார்டைச் சாப்பாட்டுப் பைக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இதுக்குச் சூடு காட்டிருக்கா?"

"இல்லம்மா."

"பின்னால பழுப்பு தெரியே."

"தூசியா இருக்கும்."

"தூசி தொடச்சா போவும். இது போவல."

கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றார். நான் அவரிடம் விலை பேசுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். "மூணு வாரம் ஒருத்தரு இல்லாத தப்பத் தேடிட்டு இருந்திருக்காரு அண்ணாச்சி" என்றார். கார்டை மேசையில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். மறுநாள் நான் நல்ல கார்டு ஒன்று கொடுத்தனுப்பினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. போன வாரம் தம்பி புவனேஷ் எனக்கு ஒரு பழைய கடிதத்தைக் காட்டினார். அன்றைக்கே டீச்சர் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதியது. இங்கிலீஷில் இருந்தது, தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். "பிழை உங்கள் நிரலில் இல்லை. என் கார்டில் இருந்தது. சோதிக்கும் முன் நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் மூன்று வாரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும். ஜெயபிரியா." என் பெயர் இல்லை. என் கடை பெயர் இல்லை. கெட்ட சரக்குக் கொடுத்தான் ஒருவன் என்றுகூட இல்லை. அந்தக் கடிதத்தின் கீழே இருக்க வேண்டிய பெயர் மூசா. அதை நான் இங்கே, அவர் கணவர் முன்னால், அவருக்கு வேண்டிய உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான்கு வருடம் இருந்தது. சொல்லவில்லை.

டீச்சர் மறைந்த செய்தியைத் தம்பி புவனேஷ் அந்த டிரைவர் எழுதுகிறவர்களுக்குத் தெரிவித்தார். அதற்கு வந்த பதில்தான் நான் முதலில் சொன்ன கடிதம். மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவர் 'சரி' என்று எழுதினால் மறுபடி நாங்கள் சரிபார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். கடைசியில், சோதிக்க ஆளில்லாத கார்டுகளை வைத்துக்கொள்வது எங்களால் முடியாது, முப்பதாம் தேதி வரை பார்க்கிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஓடுகிறதா என்று தெரியாத சரக்கை எந்த யோக்கியன் கடையில் வைப்பான்?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தலைவர் கடற்கரையும் நானும் மேலகரம் போனோம். புவனேஷையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது. ஆனால் அந்த மரச் சட்டத்தின் பக்கத்தில் டீச்சர் தன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறார். முன்பொரு முறை பயிற்சிக்காகப் பத்து நாள் வெளியூர் போனபோது, புவனேஷ் செய்வதற்காக எழுதியது. தமிழில், படிப்படியாக. முதல் படி: "கார்டின் பின்பக்கத்தைப் பார்க்கவும். பழுப்பு இருந்தால் தனியே எடுத்து வைக்கவும்." அதை வாசித்துவிட்டு முதல் கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். ஒவ்வொரு கார்டாக மாட்டினோம், அருவியை ஓடவிட்டோம், தம்பி புவனேஷ் துண்டோடு ஓடினார், திரையில் வந்ததைக் குறித்தோம். மாலை நான்கு மணிக்குப் பதினொன்றும் முடிந்தது. ஒன்பது பாஸ். இரண்டு ஃபெயில்.

என் புத்தி போகாதே! "தம்பி, ஒம்பத மட்டும் அனுப்புவோமா? ரெண்டையும் சொன்னா, இதுக்குத்தான் இவ்வளவு நாளு கத்துனீங்களான்னு மொத்தமா எடுத்துருவான்" என்றேன். முந்நூறு மெஷின் என் கண் முன்னால் நின்றது.

புவனேஷ் தாளில் ஒன்பதாம் படியில் விரலை வைத்தார். "ஃபெயில் ஆனால் ஃபெயில் என்றே எழுதவும். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதவும். ஊகம் வேண்டாம்." எழுதினோம். இரண்டு ஃபெயில், காரணம் தெரியாது.

அப்புறம் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. பரிசோதித்தவர் பெயர். தலைவர் கடற்கரை கண் கலங்கிவிட்டார். "டீச்சர் பேரையே போடுவோம்வே. அவ்வோ செய்ததுதானே இதெல்லாம். காலத்துக்கும் அவ்வோ பேருலயே போவட்டும்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. இரங்கல் கூட்டம் நடத்துகிற நமக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன தோன்றும்?

புவனேஷ் மாட்டேன் என்றுவிட்டார். "அவ செய்யாத டெஸ்டுக்கு அவ பேரப் போட்டா, எந்திரிச்சு வந்து அழிப்பா அண்ணாச்சி. அவ செய்ததுல அவ பேரு இருக்கு. இது நம்ம செய்தது."

தாய்மார்களே, பெரியோர்களே! பெண்டாட்டியைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆன ஒரு மனிதர் சொன்ன வார்த்தை இது. ஜெயபிரியா டீச்சர் எப்படிப்பட்டவர் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதை இவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். மூன்று பேர் பெயரையும் போட்டோம். புவனேஷ், கடற்கரை, மூசா. அனுப்பினோம்.

இன்று காலை பதில் வந்தது. அந்த இரண்டு கார்டின் முழு விவரத்தையும் கேட்டிருக்கிறார்கள். பகுதியை எடுப்பதைப் பற்றிப் பேச்சில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்கிறார்கள்: அடுத்த வெளியீட்டுக்கும் நீங்கள் சோதிப்பீர்களா?

அதற்கு நாங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. அந்தப் பதில் இந்த மண்டபத்தில் இருக்கிறது. மூன்று பேர் மட்டும் 'ஆமாம்' என்று எழுதி, நாளைக்கு ஒருவர் ஊருக்குப் போனால், ஒருவர் படுத்தால், அது பொய்யாகிவிடும். பொய் எழுதி அனுப்புகிற முகவரி இல்லை அது. எனவே கேட்கிறேன். இந்த வேலையை நாம் எடுத்துக்கொள்கிறோமா? தலைவர் கையைத் தூக்கிவிட்டார். நானும் தூக்குகிறேன். அங்கே பின்னால் ஆலங்குளத்துக்காரர்கள் தூக்குகிறீர்கள். பெண்கள் பக்கம் தூக்குகிறீர்கள். சலீம், நீங்கள் தூக்க வேண்டாம், நீங்கள் திரும்பத் தம்மாம் போகிறவர். சரி, தூக்குங்கள், அங்கேயும் பழைய கார்டு இருக்கும்.

என் கடை மாடி அறையைக் காலி செய்தாயிற்று. மரச் சட்டத்தைத் தம்பி புவனேஷ் தருகிறேன் என்றிருக்கிறார். அவர் வீட்டில் சோபா போட இடம் வரட்டும். தாளை மட்டும் தரமாட்டாராம். அது அவர் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும், நாம் பார்த்து எழுதிக்கொள்வோம். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. டீச்சர் ஜெயபிரியா அவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அவர் படத்துக்கு மாலை போடுவதை இப்போதே முடித்துக்கொள்வோம், அன்றைக்கு வேலை இருக்கும்.

நல்லபடி ஓடுகிற கார்டு வைத்திருப்பவர்கள் பதினொரு மணிக்கு வந்தால் போதும். ஓடாத கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.